ஸ்டீம் டெக்கில் யுஎஸ்பி வேலை செய்யவில்லையா? எந்தப் படியில் நின்றது என்று பாருங்கள்

ஸ்டீம் டெக்கில் செருகிய பென்டிரைவ் தெரியவில்லை, கீபோர்டு வேலை செய்யவில்லை, ஹார்டு டிஸ்க் வந்து வந்து போகிறது என்று யாரிடமாவது கேட்டால் உடனே இரண்டு பதில்கள் கிடைக்கும்: "டிரைவர் போட்டுப் பார்", "ஓஎஸ்ஸைப் புதிதாக ஏற்று". இரண்டையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் யுஎஸ்பி டிரைவர்களில் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்களில்) பெரும்பாலானவை அதன் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன, அவை திடீரென்று காணாமல் போவதில்லை. சாதனத்தைச் செருகிய நொடியிலிருந்து அது பயன்பாட்டுக்கு வரும்வரை வரிசையாகச் சில காரியங்கள் நடந்தாக வேண்டும். அந்த வரிசை எங்கே அறுந்தது என்று தேடினால் போதும். வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் எடுத்த எடுப்பில் மோட்டாரைப் பிரிக்க மாட்டார். டெஸ்டரோடு மெயின் போர்டிலிருந்து பார்த்துக்கொண்டே வருவார். இங்கேயும் அதே முறைதான்.

ஸ்டீம் டெக் 2022 பிப்ரவரியில் வால்வ் நிறுவனம் வெளியிட்ட கையடக்கக் கருவி. விளையாட்டுக்கென்று செய்யப்பட்டாலும் உள்ளே இருப்பது முழுமையான லினக்ஸ் கணினி. ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ் 3 அதில் ஓடுகிறது. மேசைக் கணினிக்கு இல்லாத ஒரு சங்கடம் இதற்கு உண்டு: இருப்பது ஒரே ஒரு யுஎஸ்பி-சி போர்ட். சார்ஜ் ஏறுவதும் அதன் வழியாகத்தான், டிவிக்குப் படம் போவதும் அதன் வழியாகத்தான், கீபோர்டும் ஹார்டு டிஸ்க்கும் அதில்தான். ஆகவே ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரித்துத் தரும் ஹப் இல்லாமல் காலம் தள்ள முடியாது. நான் பார்த்தவரை ஸ்டீம் டெக்கில் வரும் யுஎஸ்பி தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த ஹப்பிலும் கேபிளிலும்தான் ஒளிந்திருக்கின்றன.

செருகியதும் நடப்பது என்ன?

யுஎஸ்பியில் இரண்டு முனைகளும் சமமானவை அல்ல. ஒன்று எப்போதும் கேள்வி கேட்கும், அது ஹோஸ்ட். மற்றது கேட்டால் மட்டும் பதில் சொல்லும், அது சாதனம். மேசைக் கணினி என்றைக்கும் ஹோஸ்ட்தான் என்பதால் அங்கே இந்தக் கேள்வியே எழாது. கையடக்கக் கருவிகளில் எழும். 2009இல் வந்த நோக்கியா என்900 லினக்ஸில் ஓடிய அருமையான போன். ஆனால் அது ஹோஸ்டாக நடந்துகொள்ள நோக்கியா வழி செய்து தரவில்லை, அதைப் பயன்படுத்தியவர்களே பிற்பாடு மென்பொருள் எழுதிச் சாதித்தார்கள். ராஸ்ப்பெரி பை ஜீரோவில் ஒரே மாதிரி இரண்டு மைக்ரோ யுஎஸ்பி போர்ட்கள் இருக்கும். ஒன்றில் மின்சாரம் மட்டும்தான், மற்றதில்தான் தரவும் போகும். புதியவர்கள் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் அது.

யுஎஸ்பி-சியில் யார் ஹோஸ்ட் என்பதை முடிவு செய்வது சிசி என்ற சின்ன இணைப்பு. சாதனம் தன் பக்கத்தில் 5.1 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வைத்திருக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் ஹோஸ்ட் 5 வோல்ட் மின்சாரத்தைத் திறந்துவிடும். மலிவான கருவிகள் பலவற்றில் இந்த மின்தடையைச் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். விளைவு விசித்திரமாக இருக்கும்: ஒரு பக்கம் பழைய அகலமான ஏ முனை உள்ள கேபிளில் அந்தக் கருவி ஜோராக ஓடும், இரு பக்கமும் சி முனை உள்ள கேபிளை மாட்டினால் விளக்குகூட எரியாது. ஏ முனைப் போர்ட்டில் மின்சாரம் எப்போதும் திறந்தே இருப்பதுதான் காரணம். கேபிள் போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்குவார்கள், அதிலும் ஓடாது. ஹப்பில் உள்ள ஏ முனைப் போர்ட் வழியாகச் செருகினால் தீர்ந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டீம் டெக்கையும் லேப்டாப்பையும் ஒரு கேபிளால் இணைத்து, போனில் செய்வது போலக் கோப்புகளை நகலெடுக்கப் பலர் பார்ப்பார்கள். வழக்கமான அமைப்பில் டெக்கும் ஹோஸ்ட், லேப்டாப்பும் ஹோஸ்ட். இருவரும் கேள்வி கேட்கக் காத்திருந்தால் பதில் சொல்ல ஆளில்லை. பென்டிரைவோ வைஃபை வழியோதான் சுலபம்.

சரி, சாதனத்துக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டது. யுஎஸ்பி 2.0 சாதனம் என்றால் இரண்டு தரவுக் கம்பிகளில் ஒன்றை ஒரு மின்தடை வழியாக மேலே இழுத்து "நான் வந்திருக்கிறேன்" என்று காட்டும். ஹோஸ்ட் அதை ஒருமுறை ரீசெட் செய்யும், பிறகு 1 முதல் 127 வரை ஏதோ ஒரு எண்ணை முகவரியாகக் கொடுக்கும். அப்புறம் விசாரணை தொடங்கும்: உன்னைச் செய்த நிறுவனம் எது, மாடல் எண் என்ன, நீ எந்த வகை, எவ்வளவு மின்னோட்டம் வேண்டும்? இந்தப் பதில்களுக்கு டிஸ்கிரிப்டர் என்று பெயர். பதிலைப் பார்த்துக் கெர்னல் பொருத்தமான டிரைவரைச் சேர்த்துவிடும். டிரைவர் வந்த பிறகே அது ஒரு டிஸ்க்காகவோ கீபோர்டாகவோ ஒலிக்கருவியாகவோ மற்ற மென்பொருள்களின் கண்ணில் படும்.

ஆக மின்சாரம், அறிமுகம், டிரைவர், பயன்பாடு என்று நான்கு கட்டங்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதைக் கெர்னல் தன் குறிப்பேட்டில் வரி வரியாக எழுதிவைக்கிறது. ஊகம் செய்ய வேண்டியதில்லை, படித்தால் போதும்.

குறிப்பேட்டைப் படிப்பது

பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் டெஸ்க்டாப்புக்கு மாறும் வசதி இருக்கிறது. அங்கே கான்சோல் என்ற டெர்மினலைத் திறங்கள். கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் தருகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடிக்க வேண்டும்.

முதல் கட்டளை எல்எஸ்யுஎஸ்பி. ஐந்து எழுத்துகளையும் இடைவெளி விடாமல் அடித்தால், கணினி இப்போது அறிந்துள்ள எல்லா யுஎஸ்பி சாதனங்களும் பட்டியலாக வரும். ஒவ்வொரு வரியிலும் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட நான்கு இலக்க அடையாளங்கள் இரண்டு இருக்கும். முன்னது நிறுவனத்துக்கு, பின்னது மாடலுக்கு. 1டி6பி என்று தொடங்கும் வரிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அவை கணினிக்குள்ளேயே இருக்கும் ரூட் ஹப்கள். எதையும் செருகாதபோதுகூட 28டிஇ:1205 என்ற வரி டெக்கில் தெரியும். அது உங்கள் இரண்டு கட்டைவிரல்களின் கீழேயே இருப்பது, டெக்கின் சொந்தக் கன்ட்ரோலர். உள்ளுக்குள் அதுவும் ஒரு யுஎஸ்பி சாதனம்தான்.

சாதனத்தைச் செருகாமல் ஒரு முறை, செருகிய பின் ஒரு முறை அதே கட்டளையைக் கொடுங்கள். புதிதாக ஒரு வரி வந்திருந்தால் மின்சாரமும் அறிமுகமும் முடிந்துவிட்டன என்று பொருள். கேபிளைச் சந்தேகிப்பதை ஓரளவு நிறுத்திவிட்டு மேலே போகலாம். வரி வரவில்லை என்றால் டிரைவரைப் பற்றிப் பேசவே வேண்டாம். கெர்னலுக்கு அப்படி ஒரு சாதனம் இருப்பதே தெரியாது.

வரி வராதபோது இரண்டாவது கட்டளை. டெல்லியின் டி, பிறகு எம், இ, எஸ், ஜி. டிமெஸ்ஜி என்று சொல்லுவார்கள். முன்னால், நிர்வாகி அனுமதியோடு கட்டளையை ஓட்டும் சூடோ என்ற சொல்லையும், பின்னால் ஓர் இடைவெளி விட்டுச் சிறுகோடும் டபிள்யூவும் சேர்த்துக் கொடுத்தால், குறிப்பேடு நேரலையாக ஓடிக்கொண்டிருக்கும். சூடோ கடவுச்சொல் கேட்கும். டெக் என்ற பயனருக்குத் தொடக்கத்தில் கடவுச்சொல்லே கிடையாது என்பதால், பாஸ்டபிள்யூடி என்ற கட்டளையால் முதலில் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். குறிப்பேடு ஓடும்போது சாதனத்தைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள். இதைவிட நல்ல பாடம் வேறில்லை.

நல்ல பென்டிரைவ் ஒன்று வந்தால் நாலைந்து வரிகள் உடனே விழும்: அதிவேக யுஎஸ்பி சாதனம் ஒன்று இந்த எண்ணில் வந்தது, நிறுவன எண் இது, மாடல் எண் இது, சேமிப்புச் சாதனம் கண்டறியப்பட்டது, எஸ்டிஏ என்ற பெயரில் டிஸ்க் இணைக்கப்பட்டது. அவ்வளவுதான். இந்தக் கதை பாதியில் நின்றால் நின்ற இடமே நோய்.

ஒரு வரிகூட விழவில்லை என்றால் மின்சாரமோ கம்பியோ போய்ச் சேரவில்லை. சார்ஜுக்கு மட்டுமான கேபிளாக இருக்கலாம், போர்ட்டுக்குள் பஞ்சு அடைத்திருக்கலாம், மேலே சொன்ன மின்தடை இல்லாத கருவியாக இருக்கலாம். டெக்கைப் பையில் போட்டு எடுத்துப் போகிறவர்கள் ஒருமுறை டார்ச் அடித்து உள்ளே பார்ப்பது நல்லது.

"டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட், எரர் -71" என்று வந்தால் சாதனம் வந்தது தெரிகிறது, அது சொல்லும் பதில் சிதைந்து வருகிறது. -71 என்பது லினக்ஸில் நெறிமுறைப் பிழைக்கான எண். கேபிள், ஹப், இணைப்பு என்ற மூன்றில் ஒன்றைத்தான் முதலில் சந்தேகிப்பேன். -110 என்றால் கேள்வி கேட்டு நேரம் கடந்தும் பதிலே வரவில்லை. மின்சாரம் போதாமல் சாதனம் முழிக்கும்போதும், சாதனமே செத்துக்கொண்டிருக்கும்போதும் இது வரும். நாலு முறை முயன்றுவிட்டுக் கடைசியில் கெர்னல் கைவிடும். அந்த வரியைப் பார்த்துவிட்டு டிரைவர் தேடிப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பரிதாபமாக இருக்கும்.

மூன்றாவதாக, எல்எஸ்யுஎஸ்பி கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு, 'ட்ரீ' என்பதன் முதல் எழுத்து. இப்போது பட்டியல் மரமாக வரும். எந்தச் சாதனம் எந்த ஹப்பில் தொங்குகிறது, எந்த டிரைவர் பிடித்திருக்கிறது, என்ன வேகத்தில் பேசுகிறது என்று மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். டிரைவர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால், அப்போதுதான் அது டிரைவர் பிரச்சினை. வேகம் (நொடிக்கு மெகாபிட் கணக்கில்) 480 என்றால் யுஎஸ்பி 2.0, 5000 அல்லது 10000 என்றால் புதிய அதிவேகப் பாதை. டெக்கின் போர்ட் 10000 வரை தாங்கும். வேகமான எஸ்எஸ்டியை மாட்டியும் 480 என்று காட்டினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். சார்ஜரோடு வரும் சி கேபிள்கள் பலவற்றில் யுஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டுமே இருக்கும். நல்ல கேபிள்தான் என்றால் முனையைத் திருப்பிச் செருகிப் பாருங்கள். சி முனையை எப்படிச் செருகினாலும் ஒன்றுதான் என்பார்கள். ஆனால் அதிவேகப் பாதைக்கான கம்பிகள் இரண்டு பக்கமும் தனித்தனி. திருப்பினால் வேகம் கூடுகிறது என்றால் ஒரு பக்கத்து ஊசிகளில் அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது.

மின்சாரம் என்ற பெரிய தலைவலி

யுஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு சாதனம் 500 மில்லி ஆம்பியர் வரை கேட்கலாம், யுஎஸ்பி 3இல் 900 வரை. சுழலும் ஹார்டு டிஸ்க் தொடங்கும் நேரத்தில் இந்த அளவைத் தாண்டக்கூடும். டெக் - ஹப் - ஹார்டு டிஸ்க், கூடவே ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ் என்று எல்லாம் பேட்டரியிலிருந்தே குடிக்கும்போது, டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டுவிட்டு நிற்கும், மறுபடி தொடங்கும். குறிப்பேட்டில் 'டிஸ்கனெக்ட்' என்ற வரியும் புதிய எண்ணோடு சாதனம் வந்த வரியும் மாறி மாறி விழும். எண் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்தாலே மின்சாரம்தான் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். தனக்கென்று சார்ஜர் மாட்டாத ஹப்பில் யுஎஸ்பி 2.0 விதிப்படி ஒவ்வொரு போர்ட்டுக்கும் 100 மில்லி ஆம்பியர்தான் என்பதால், அதற்கு மேல் கேட்கும் சாதனத்தைச் சில சமயம் கெர்னலே மறுத்துவிடும். போதிய மின்சாரம் இல்லை என்று வெளிப்படையாக எழுதியும் வைக்கும்.

தீர்வு, ஹப்புக்குச் சார்ஜரைக் கொடுப்பது. டெக்கோடு வரும் சார்ஜர் 45 வாட். பழைய போன் சார்ஜரை மாட்டினால் ஹப் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் டெக்குக்குத் தரும். சார்ஜ் ஏறுவது போலக் காட்டிக்கொண்டே பேட்டரி இறங்கும்.

இங்கே வரிசையும் முக்கியம். டெக்கில் ஹப், ஹப்பில் டிஸ்க் என்று எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் சார்ஜரை மாட்டினால், அதுவரை டெக் கொடுத்துக்கொண்டிருந்த மின்சாரத்தை இனிமேல் ஹப் கொடுக்க வேண்டும். இந்தக் கைமாற்றத்தில் மலிவான ஹப்கள் ஒரு கணம் மின்சாரத்தை விட்டுவிடும். மவுஸ் என்றால் நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். எழுதிக்கொண்டிருந்த டிஸ்க் என்றால் கோப்பு போச்சு. சார்ஜரை முதலில் ஹப்பில் மாட்டி, பிறகு ஹப்பை டெக்கில் மாட்டுவதே பழக்கமாகட்டும். கழற்றும்போது முதலில் டிஸ்க்கை முறையாக வெளியேற்றிவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

தெரிகிறது, ஆனால் பயன்படவில்லை

மரப் பட்டியலில் டிரைவரோடு தெரிகிறது, ஆனாலும் வேலை நடக்கவில்லை என்றால் பிரச்சினை யுஎஸ்பியைத் தாண்டிவிட்டது. ஹெட்போன் என்றால் ஒலி இன்னும் டெக்கின் ஸ்பீக்கருக்கே போய்க்கொண்டிருக்கும். அமைப்புகளில் வெளியீட்டை மாற்றினால் முடிந்தது. பென்டிரைவ் என்றால் எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளையில் எஸ்டிஏ தெரிகிறதா, அதன் கீழே எஸ்டிஏ1 என்று பகுதி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தும் திறக்கவில்லை என்றால் கோப்பு முறைமையில் கோளாறு. விண்டோஸில் பயன்படுத்திய என்டிஎஃப்எஸ் டிஸ்க்குகளில் இது சகஜம்: விண்டோஸ் முழுதாக மூடப்படாமல் பாதி உறக்கத்தில் போயிருந்தால் டிஸ்க்கில் ஒரு குறி நிற்கும், லினக்ஸ் அதைத் தொடத் தயங்கும். விண்டோஸில் மாட்டி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி, ஒழுங்காக மூடிவிட்டு வாருங்கள். விளையாட்டுகளை வைக்கும் டிஸ்க் என்றால் இந்தச் சள்ளையே வேண்டாம், லினக்ஸின் சொந்தக் கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4இல் ஃபார்மேட் செய்துவிடலாம்.

மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளை மாட்டுகிறவர்களுக்கு அனுமதிப் பிரச்சினை வரும். சாதனம் டிடிஒய்யுஎஸ்பி0 என்ற பெயரில் தெரியும், ஆனால் திறக்க விடாது. ஆர்ச் வழியில் வந்த ஸ்டீம்ஓஎஸ்ஸில் பயனரை யுயுசிபி என்ற குழுவில் சேர்க்க வேண்டும். டெபியன், உபுண்டு பற்றிய குறிப்புகளைப் படித்துவிட்டு டயல்அவுட் குழுவைத் தேடினால் கிடைக்காது.

நிஜமாகவே டிரைவர் இல்லாத சாதனங்களும் உண்டு. சில வைஃபை டாங்கிள்கள் அப்படி. அவற்றில் ஒரு வகை இன்னும் குறும்பு: செருகியதும் தன்னை ஒரு சிடி டிரைவ் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும், விண்டோஸுக்கான டிரைவரை அந்தச் சிடியில் வைத்திருக்கும். யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரல்தான் அதைத் தட்டி எழுப்பி நிஜ வேடத்துக்கு மாற்றும். பழைய டேட்டா டாங்கிள்களை லினக்ஸில் பயன்படுத்தியவர்களுக்கு இது பழகிய கதை. ஸ்டீம்ஓஎஸ்ஸின் முதன்மைப் பகுதி எழுத முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். பூட்டைத் திறந்து டிரைவர் ஏற்றினாலும் அடுத்த அப்டேட்டில் அது அழிந்துபோகும். அதனால் டெக்குக்கு டாங்கிள் வாங்குவதாக இருந்தால், கெர்னலிலேயே டிரைவர் உள்ள சிப்பைப் பார்த்து வாங்குவதுதான் மலிவு.

விட்டுவிட்டு வரும் கோளாறுகள்தான் கடினம். வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறதா? ஹப்பில் அதன் டாங்கிளுக்குப் பக்கத்தில் யுஎஸ்பி 3 டிஸ்க் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். யுஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்புகிறது என்று இன்டெல் 2012இலேயே விளக்கமாக எழுதியிருக்கிறது. டாங்கிளும் அதே பகுதியில்தான் பேசுகிறது. ஒரு சாண் நீள நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும். கொஞ்ச நேரம் சும்மா இருந்த பிறகு மட்டும் சாதனம் தூங்கிவிட்டால், லினக்ஸின் மின்சேமிப்பு அதை உறங்க வைத்திருக்கும். டெக்கைத் தூங்கவைத்து எழுப்பிய பிறகு மட்டும் காணவில்லை என்றால் பிடுங்கிச் செருகுவதே போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால் மாற்றி மாற்றி மாட்டிப் பார்க்க வேண்டியதுதான். அதே ஹப்பையும் கேபிளையும் வேறு லினக்ஸ் கணினியில் மாட்டி அதே குறிப்பேட்டைப் பாருங்கள்; அங்கேயும் -71 வந்தால் டெக் நிரபராதி. அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடி, டெக்கில் மட்டும் எந்தக் கேபிளும் நிலைக்கவில்லை, முனையை லேசாக ஆட்டினால் வந்து வந்து போகிறது என்றால் போர்ட்டே தளர்ந்திருக்கிறது. அது மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட பாகம் என்பதால், நுண்பற்றவைப்பு தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.